ரேடியோவின் முதுகில் ஒரு பெயர்

நம் வீட்டுச் சமையலறையில் எந்தப் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்தாலும் ஒரு பெயர் இருக்கும். பித்தளைக் குடத்தில் பாட்டியின் பெயர், எவர்சில்வர் தூக்கில் கல்யாணத்துக்குச் செய்த மாமாவின் பெயர், கூடவே ஒரு தேதி. கடையில் பாத்திரத்தை எடை போட்டுப் பில் எழுதும்போதே "பேர் வெட்டணுமா?" என்று கேட்டுவிடுவார்கள். முன்பெல்லாம் சின்ன உளியும் சுத்தியலும் வைத்துப் புள்ளி புள்ளியாகத் தட்டுவார்கள். பிறகு கரண்ட் மெஷின் வந்தது. ஜிர்ரென்று இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

இந்தப் பழக்கம் பாத்திரத்தோடு நிற்கவில்லை. சைக்கிள், குடை, டிபன் கேரியர் என்று போய், கடைசியில் ரேடியோவுக்கும் வந்தது. பாத்திரக் கடை மெஷினைப் பிளாஸ்டிக்கில் வைக்க முடியாது என்பதால் அவரவர் வழியில் வெட்டினார்கள். சிலர் கோணி ஊசியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி எழுதினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஜியோமெட்ரி பாக்ஸ் காம்பஸ் முனையால் கீறினார்கள். ரிப்பேர் கடைக்காரர் ஈயப் பற்றுக்கோலால் நாலு எழுத்துப் போட்டுக் கொடுத்தார். அப்போது ரேடியோ என்றால் ஒரு வீட்டின் சொத்து. ரிப்பேர் கடைக்குப் போனால் அலமாரியில் ஒரே மாதிரி பத்து செட் இருக்கும். பக்கத்து வீட்டு விசேஷத்துக்கு இரவல் போகும், ஹாஸ்டலுக்குப் போகும், கிரிக்கெட் நடந்தால் டீக்கடைக்குப் போகும். பெயர் இருந்தால்தான் வீடு திரும்பும்.

ஓய்வு பெற்ற பிறகு பழைய ரேடியோக்களைத் துடைத்துப் பழுது பார்ப்பது எனக்குப் பொழுதுபோக்கு. திருநின்றவூரில் எங்கள் தெருவிலும் அக்கம்பக்கத்திலும் அது தெரிந்துபோய், பரண் மேல் கிடந்ததையெல்லாம் கொண்டுவந்து தருகிறார்கள். "பாட வைங்க" என்று கேட்பவர்கள் பாதி. மீதிப் பேர், "இந்தக் கிறுக்கலை மட்டும் எடுத்துக் கொடுத்துடுங்க" என்று கேட்பவர்கள். இந்த இரண்டாம் ரகத்தைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு சொந்தக் கதை. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். பிரெஞ்சில் எல்லாப் பெயர்ச் சொல்லுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. 'லா போஸ்த்' என்று பெண்பாலில் சொன்னால் தபால் ஆபீஸ். 'லு போஸ்த்' என்று ஆண்பாலில் சொன்னால் ரேடியோ பெட்டி. எனக்கு வாய்த்த உத்தியோகம் தபால் ஆபீஸ் குமாஸ்தா. அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் என்று இந்த ரயில் பாதையிலேயே பெண்பாலில் காலம் தள்ளினேன். இப்போது ஆண்பாலோடு பொழுது போகிறது.

அந்த இரண்டு போஸ்த்தும் ஒன்றாக இருந்த காலமும் உண்டு. இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள், ரேடியோ கேட்கத் தபால் ஆபீஸில் லைசென்ஸ் எடுக்க வேண்டும். 1885ஆம் வருடத்துத் தந்திச் சட்டம் அதற்கு ஆதாரம். சின்னப் புத்தகம் ஒன்று கொடுப்போம். அதில் பெயர், விலாசம், செட்டின் விவரம் இருக்கும். வருடா வருடம் கட்டணம் கட்டி, அதற்கென்றே அச்சடித்த ஸ்டாம்பை ஒட்டி, தேதி முத்திரை குத்தித் தருவோம். வீட்டு ரேடியோவுக்கு வருடத்துக்கு 15 ரூபாய், டி.வி. வந்தபோது அதற்கு 50 ரூபாய். 1980களின் நடுவில்தான் இந்த லைசென்ஸ் முறை ஒழிந்தது. கவுண்டரில் அந்தப் புத்தகத்தை நீட்டுபவர்களின் முகத்தில் ஒரு பெருமை தெரியும். பெட்டியின் முதுகில் பெயர் வெட்டியதும் அந்தப் பெருமையால்தான் என்று நினைக்கிறேன்.

பழைய ரேடியோ வாங்குவதும் அப்போது சாதாரணம். பட்டணத்தில் மூர் மார்க்கெட் இருந்தது, 1985இல் தீக்கிரையாகும் வரை. பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களின் பர்மா பஜார் இருந்தது, ரிச்சி தெரு இருந்தது. மர்பி, பிலிப்ஸ், புஷ் என்று எது வேண்டுமானாலும் இரண்டாம் கையாகக் கிடைக்கும். பிரெஞ்சில் இரண்டாம் கைப் பொருளை 'தொக்காசியோன்' என்பார்கள். நேர் அர்த்தம் பார்த்தால் 'வாய்ப்பாக வந்தது'. எனக்குப் பிடித்த சொல். ஆனால் வாய்ப்பாக வந்த பொருளோடு முன்னால் வைத்திருந்தவரின் பெயரும் சேர்ந்து வரும். அதை என்ன செய்வது?

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன், செய்து பார்க்க விரும்புபவர்களுக்கு உதவும்.

ரேடியோ பெட்டிகள் இரண்டு ஜாதி. வால்வு செட் காலத்துக் கறுப்பு, காப்பிக்கொட்டை நிறப் பெட்டிகள் பலவும் பேக்லைட். பெல்ஜியத்தில் பிறந்த லியோ பேக்லண்ட் என்பவர் அமெரிக்காவில் 1907இல் கண்டுபிடித்தது. இது ஒரு முறை சூட்டில் இறுகிவிட்டால் மறுபடி உருகாது. சுட்ட ஊசி இதில் எடுபடாது, கீறல்தான் விழும். உள்ளே மரத்தூள் கலந்திருக்கும், மேலே மட்டும் மெல்லிய பளபளப்பு. ஆகவே பேக்லைட்டில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. தேய்த்தால் பளபளப்பு போய் உள்ளிருக்கும் சொரசொரப்பு வெளியே வந்துவிடும், பிறகு எத்தனை பாலிஷ் போட்டாலும் முன்போல் ஆகாது. கீறலில் அழுக்கெடுத்து, அரால்டைட்டில் விளக்குக் கரி கலந்து, குண்டூசி முனையால் நிரப்பி, ஒரு நாள் காயவிட்டு, வழிந்ததை மட்டும் பிளேடால் மெதுவாகச் சீவ வேண்டும். மேலே பூட் பாலிஷ் போட்டு மெல்லிய துணியால் தேய்த்தால் போதும்.

டிரான்சிஸ்டர் காலத்துப் பெட்டிகள் வேறு ஜாதி. இந்தப் பிளாஸ்டிக் சூட்டில் இளகும். சுட்ட ஊசியால் எழுதினால் நடுவில் பள்ளமும் இரண்டு ஓரத்திலும் வரப்பும் உண்டாகும். வயலில் ஏர் ஓட்டினது போல இருக்கும். முதலில் வரப்பைச் சீவிச் சமன் செய்ய வேண்டும். பள்ளம் லேசாக இருந்தால் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து 400, 800, 1000, 2000 என்று படிப்படியாகத் தேய்த்து, கடைசியில் பல்பசையோ, காருக்குப் போடும் ரப்பிங் பாலிஷோ போடலாம். ஆழமாக இருந்தால் நிறம் சேர்த்த அரால்டைட்தான். நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர், பெட்ரோல் இவற்றைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். அழுக்குப் போகும் என்று துடைப்பார்கள், பெட்டியே குழைந்துவிடும்.

இவ்வளவு செய்தாலும் முழுக்க மறையாது என்பதையும் சொல்ல வேண்டும். நேரே பார்த்தால் தெரியாது. சாயங்கால வெயில் சன்னல் வழியாகச் சாய்வாக விழும்போது பாருங்கள், நிரப்பின இடம் வேறு விதமாக மின்னும். தோல் போலச் சொரசொரப்பு வைத்து வார்த்த பெட்டியில் அந்தச் சொரசொரப்பைத் திரும்பக் கொண்டுவரவே முடியாது. அழுத்தி அச்சுக் குத்தின எண்ணைச் சுரண்டிவிட்டாலும், இளகும் பிளாஸ்டிக்காக இருந்தால் பதமாகச் சூடு காட்டும்போது அந்த எண் மேலெழும்பித் தெரிவதுண்டு. அழுத்தம் பட்ட இடம் சூட்டில் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கிறது. தடய அறிவியல்காரர்கள் கையாளும் முறைகளில் இதுவும் ஒன்று.

அதனால் யாராவது "எடுத்துக் கொடுங்க" என்று வந்தால் நான் முதலில் கேட்பது, "யார் பெயர்? எப்படி வந்தது?" என்றுதான்.

போன வருடம் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் இரண்டு வாக்கி டாக்கி கொண்டுவந்தான். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைத்ததாம். இரண்டின் முதுகிலும் ஏதோ ஒரு கம்பெனியின் சுருக்கெழுத்தும் வரிசை எண்ணும் ஆழமாக வெட்டியிருந்தது.

"இதை மட்டும் மறைச்சுக் கொடுங்க தாத்தா. நல்ல விலைக்குப் போகும்."

"பில் இருக்கா தம்பி?"

"பழைய இரும்புக் கடையில ஏது தாத்தா பில்லு?"

அவனை உட்காரவைத்துச் சொன்னேன். ஒரு பொருள் இன்னாருடையது என்று காட்டப் போடும் குறிக்குச் சட்டத்தில் தனி இடம் உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 479ஆம் பிரிவு அதை வரையறுத்தது. பிறருக்கு நஷ்டம் வரும் என்று தெரிந்தே அந்தக் குறியை அழிப்பதும் சிதைப்பதும் குற்றம் என்றது 489ஆம் பிரிவு. ஒரு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 346ஆம் பிரிவாக அது தொடர்கிறது. கம்பெனி முறைப்படி கழித்து ஏலத்தில் விட்டிருந்தால் அதற்குக் காகிதம் இருக்கும். காகிதம் இல்லையென்றால், எண்ணை அழித்தவன்தான் முதலில் மாட்டுவான். இது போக, வாக்கி டாக்கியை வாங்கினவுடன் பேசிவிட முடியாது. 2018இல் 446 மெகா ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு சின்னப் பட்டையைக் குறைந்த சக்தியுள்ள செட்டுகளுக்கு லைசென்ஸ் இல்லாமல் திறந்துவிட்டார்கள். கம்பெனிகளுக்கென்று வேறு அலைவரிசை ஒதுக்கின செட்டுக்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும்.

பையன் முகம் சுருங்கிப்போயிற்று. "அப்போ என் காசு?" என்றான். நியாயமான கேள்வி. அவனுக்கு அது இரண்டு நாள் கூலிக்கு மேல். கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். பாதிப் பணம்தான் திரும்பி வந்ததாம். ஒரு மாதம் என்னைப் பார்த்தால் தெருவின் அந்தப் பக்கம் நடந்தான். இப்போது பேசுகிறான்.

ஆக, கம்பெனி எண், ஆபீஸ் முத்திரை, செட்டின் சீரியல் எண் இவற்றை நான் தொடுவதில்லை. வீட்டுப் பெயர்களில் மட்டும்தான் கை வைப்பேன். அதிலும் ஒரு வழக்கம் உண்டு. அழிப்பதற்கு முன் அந்த எழுத்தின் மேல் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்து, தேதி போட்டு ஒரு நோட்டில் ஒட்டிவிடுவேன். சின்ன வயதில் நாணயத்தின் மேல் காகிதம் வைத்துத் தேய்ப்போமே, அதேதான். ரிஜிஸ்டர் எழுதிப் பழகின கை சும்மா இருக்காது என்று வீட்டில் கேலி செய்வார்கள். ஆனால் இது நான் கண்டுபிடித்த வழக்கம் இல்லை. திருமழபாடிக் கோயிலின் மூலஸ்தானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ராஜராஜ சோழன் உத்தரவிட்டபோது, சுவரில் இருந்த பழைய கல்வெட்டுகளைப் பிரிப்பதற்கு முன்பே புத்தகத்தில் எழுதிவைக்கச் சொன்னான். பிறகு ராஜேந்திரன் காலத்தில் அவை மறுபடி கல்லில் வெட்டப்பட்டன. யார் யாரோ கொடுத்த நிலமும் விளக்கும் அந்த எழுத்தில் இருந்தன. சுவர் போனாலும் கணக்குப் போகக் கூடாது என்று நினைத்திருக்கிறார்கள்.

நம்மூர்ப் பூசலார் நாயனார் கல்லும் இல்லாமல் எழுத்தும் இல்லாமல் மனசுக்குள்ளேயே கோயில் கட்டினார், பெயரும் நிலைத்தது. எல்லோருக்கும் அது வாய்க்குமா? நமக்கெல்லாம் எங்கேயாவது ஒரு கீறல் இருந்தால்தான் உண்டு.

இதை எனக்கு நன்றாகப் புரியவைத்தவர் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். ரயில்வே ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் வீடு, எழுபதை நெருங்கும் வயது. அரக்கு நிறத்தில் ஒரு டிரான்சிஸ்டரைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். நான் வழக்கம்போல, "பெயரை எடுக்கணுமாம்மா?" என்றேன்.

"எடுக்க வேணாம் சார். எடுத்ததைத் திரும்பக் கொண்டாரணும்" என்றார்.

திருப்பிப் பார்த்தேன். முதுகில் அவர் பெயர், கீழே 1974. முன்னால் ஓர் இனிஷியல். அந்த இனிஷியலுக்கும் பெயருக்கும் நடுவில் ஓர் எழுத்துக்கான இடம் காலியாக, கொஞ்சம் மினுமினுப்பாக இருந்தது.

விஷயம் இதுதான். அவருடைய அப்பா ஆவடி டாங்க் பாக்டரியில் தொழிலாளி. மகள் டீச்சர் டிரெயினிங்கில் சேர்ந்த வருடம் தவணையில் இந்த ரேடியோவை வாங்கி, இரும்பில் கோடு போடும் ஸ்க்ரைபரால் தன் கைப்பட மகள் பெயரை எழுதிக் கொடுத்தார். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் வீட்டில் இனிஷியலை மாற்றினார்கள். ரேஷன் கார்டில் மாறியது, சர்வீஸ் புத்தகத்தில் மாறியது, ரேடியோவிலும் மாற்றிவிட்டார்கள். அப்பாவின் எழுத்தை அடைத்துவிட்டு, அதற்கு முன்னால் கணவரின் எழுத்தை வெட்டினார்கள். அந்தக் காலத்தில் யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

"எங்க அப்பா மூணாங்கிளாஸ்தான் சார். லெட்டர்கூட அடுத்தவங்களை வெச்சுத்தான் எழுதுவார். போட்டோ ஒண்ணு இருந்தது, வெள்ளத்துல போயிடுச்சு. அவர் கையெழுத்துன்னு இந்த உலகத்துல இருக்கறது இந்தப் பேரு மட்டும்தான். அவர் பேரோட முதல் எழுத்து இதுக்குள்ள இருக்கு."

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அடைத்தவர் எதை வைத்து அடைத்தார் என்பதில் இருக்கிறது எல்லாம். அரால்டைட்டாக இருந்தால் தோண்டித்தான் எடுக்க வேண்டும், தோண்டினால் அடியில் இருக்கும் கீறல் நம்முடைய கீறலாகிவிடும். அப்பாவின் கை போய்விடும். "முடியாமலும் போகலாம்மா, இருக்கறதும் கெட்டுப்போகலாம்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாருங்க சார்" என்றார்.

ஓரத்தில் துளி இடத்தை நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தேன். அரக்கு. பார்சல் கட்டி அரக்கு உருக்கி சீல் வைத்த கைக்கு அந்த வாசனை மறக்குமா? மரவேலைக்காரர்கள் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் பாலிஷ் போடுவார்கள். ஸ்பிரிட்டுக்கு அரக்கு கரையும், இந்த வகைப் பிளாஸ்டிக் கரையாது. முதலில் பேட்டரி மூடியின் உட்புறம் ஒரு சொட்டு வைத்து ராத்திரி முழுக்கப் பார்த்தேன், பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு தீக்குச்சியில் பஞ்சு சுற்றி, ஸ்பிரிட் தொட்டு, ஒற்றி ஒற்றி எடுத்தேன். தேய்க்கவில்லை. மூன்று சாயங்காலம் ஆயிற்று. முதல் நாள் பஞ்சு சிவந்தது, அவ்வளவுதான். இரண்டாம் நாள் ஒரு வளைவு தெரிந்தது. மூன்றாம் நாள் எழுத்து முழுதாக வந்துவிட்டது. கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்த எழுத்து. கோடு ஓர் இடத்தில் வழுக்கி வெளியே போயிருந்தது. எழுதிப் பழகாத கை என்று பார்த்தாலே தெரியும்.

"முன்னாடி இருக்கற எழுத்தை என்ன செய்யட்டும்மா?" என்று கேட்டேன்.

"அவர் எழுத்தும் இருக்கட்டும் சார். நாப்பது வருஷம் கூட இருந்தவர்தானே. ரெண்டு பேரும் இருக்கட்டும்" என்றார். அந்தச் சாய்ந்த எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டே பேசினார்.

காசு எவ்வளவு என்று கேட்டார், வாங்கவில்லை. மறுநாள் பேரன் கையில் ஒரு தூக்கில் பால் பாயசம் வந்தது. தூக்கின் அடியில் பெயர் வெட்டியிருந்தது. அதிலும் கணவர் இனிஷியல்தான்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு தீர்மானம். யார் வந்து "மறைத்துக் கொடுங்கள்" என்றாலும், வேறு வழி இருக்கிறதா என்று முதலில் சொல்லிப் பார்க்கிறேன். கண்ணை உறுத்தினால் மேலே ஒரு மெல்லிய தகட்டையோ ஸ்டிக்கரையோ ஒட்டிக்கொள்ளலாம், வேண்டும்போது உரித்துவிடலாம். பழைய பெயருக்குக் கீழே உங்கள் பெயரையும் வருடத்தையும் போட்டுக்கொள்ளலாம். கட்டாயம் அடைக்கத்தான் வேண்டும் என்றால் அரக்கால் அடைக்கிறேன். நாளைக்கு யாராவது தேடி வந்தால் ஒரு துளி ஸ்பிரிட்டில் கரையும்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய ரேடியோவைக் கொடுக்கும்போது முதுகில் பெயர் இருந்தால், "இது எங்கள் வீட்டுச் செட், இன்ன தேதியில் இன்னாருக்குக் கொடுத்தேன்" என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டு பேட்டரிப் பெட்டிக்குள் வையுங்கள். வாங்குபவருக்குச் சங்கடம் வராது, பெயரையும் சுரண்ட வேண்டியிருக்காது. கொடுப்பதற்கு முன், அந்தப் பெயரை எழுதினது யார் கை என்று வீட்டில் மூத்தவர்களிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.